சக்கரம் சுற்றினால் போதுமா?

என்ஜின் உறுமுகிறது. சக்கரம் சுற்றுகிறது. சேறு நாலாபக்கமும் தெறிக்கிறது.

ஆனால் கார் நகரவில்லை!

மழை பெய்த மறுநாள், செம்மண் பாதையில் காரை இறக்கியவர்களுக்கு இந்தக் கதை தெரியும்.

பேரிகை, கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி தாலுகாவில் இருக்கிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டத்து மாலூர் தாலுகா வந்துவிடும். தக்காளி, கோஸ், ராகி, பூ எல்லாம் விளையும் பூமி இது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டத்துப் பாதை. காய்ந்தால் கல் போல இருக்கும். நனைந்தால் வெண்ணெய் போல வழுக்கும்.

பக்கத்திலேயே ஓசூர். வண்டி செய்யும் ஊர் அது. டி.வி.எஸ். மொபெட் அங்கே இருந்துதான் 1980-ல் புறப்பட்டது. அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலையும் அதே ஆண்டில் அங்கே வந்தது. அதற்குப் பின் எத்தனையோ ஆலைகள் வந்துவிட்டன.

ஆலைச் சம்பளமும் வங்கிக் கடனும் கை கொடுக்க, பல வீட்டு வாசலில் இன்று கார் நிற்கிறது. அதிலும் பலர் விரும்பி வாங்குவது "காம்பாக்ட் எஸ்.யு.வி." என்ற சிறிய ரகக் கார். நீளம் 4 மீட்டருக்குள் அடங்கும். சாதாரணக் காரைவிட உயரமாக நிற்கும். பார்ப்பதற்கு ஜீப் போல இருக்கும்.

இந்தக் கார்கள் பலவற்றில் ஒரு பட்டன் இருக்கிறது. அதன் மேல் ஒரு காரின் படமும், காருக்குக் கீழே நெளிந்த இரண்டு கோடுகளும் இருக்கும். அதுதான் "டிராக்சன் கண்ட்ரோல்" பட்டன். சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் கருவிக்கு அது சாவி.

இந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாமல் மண் பாதையில் இறங்குவது தவறு. இதை மட்டும் நம்பி இறங்குவது அதைவிடப் பெரிய தவறு!

ஜீப் வேறு, இது வேறு

அந்தக் காலத்து ஜீப்புக்கு நான்கு சக்கரத்திலும் இழுவை உண்டு. மேடு ஏற, சேறு தாண்ட, தனியாகத் தாழ்ந்த கியர் உண்டு. மலையும் காடும் அதற்கு ஒன்றுதான்.

இன்றைய சிறிய எஸ்.யு.வி. கார்களில் பெரும்பாலானவை அப்படி அல்ல. முன் சக்கரம் இரண்டு மட்டுமே இழுக்கும். பின் சக்கரம் இரண்டும் சும்மா உருண்டு வரும். நான்கு சக்கர இழுவை உள்ள சிறிய வண்டிகளும் உண்டு. 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னி ஓர் உதாரணம். ஆனால் அவை கொஞ்சம்தான்.

உயரம் இருந்தால் கல்லில் அடி தட்டாது. அவ்வளவுதான். உயரம் இழுவை ஆகாது.

இன்னொன்றும் உண்டு. மேடு ஏறும்போது காரின் பாரம் பின்னால் சாயும். பின் சீட்டில் மூன்று பேர், அதற்குப் பின்னால் நான்கு தக்காளிப் பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். முன் பக்கம் இலேசாகிவிடும். இழுக்க வேண்டிய சக்கரமே தரையை அழுத்திப் பிடிக்காமல் போய்விடும்.

கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இந்த வண்டிக்கு எத்தனை சக்கரத்தில் இழுவை?"

ஒரு சக்கரம் சுற்றுகிறது, இன்னொன்று நிற்கிறது. ஏன்?

கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓடினால் போதும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் டயர் தேயும், வண்டி திரும்பாது.

இதற்காக இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு பற்சக்கரக் கூட்டு இருக்கிறது. டிரைவர்கள் அதை டிபரன்சியல் என்பார்கள். பிரான்சு நாட்டில் பெக்கர் என்ற கடிகாரக்காரர் 1827-ம் ஆண்டு நீராவி வண்டிக்காக இதை அமைத்தார். இன்றும் கார்களில் இருப்பது அதே தத்துவம்தான்.

நல்ல ரோட்டில் இதைப் போல உதவி வேறில்லை. சேற்றில் இதுவே உபத்திரவம்!

தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் மேடு. ஒரு பக்கம் பள்ளம். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? பள்ளத்துப் பக்கம்தான். மேட்டுப் பாத்தி காய்ந்தே கிடக்கும்.

என்ஜினின் பலமும் அப்படித்தான். சேற்றில் நிற்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. அதைச் சுற்றுவது எளிது. பலம் அங்கே வீணாகிறது. கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கு வண்டியை நகர்த்தும் அளவு பலம் கிடைப்பதில்லை.

ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சேற்றுச் சக்கரம்தான் சுற்றும். சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும்!

மடை அடைக்கும் கை

விவசாயி என்ன செய்வார்? மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் எடுத்துப் பள்ளத்து மடையை அடைப்பார். தண்ணீர் மேட்டுப் பாத்திக்குத் திரும்பும்.

டிராக்சன் கண்ட்ரோல் செய்வதும் அதே வேலைதான்.

ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் தாறுமாறாகச் சுற்றினால், அது கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். உடனே அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழும். அடைபட்ட மடை போல, பலம் அடுத்த சக்கரத்துக்குப் போகும்.

அது போதாது என்றால் என்ஜின் பலத்தையும் கம்ப்யூட்டர் குறைக்கும். டிரைவர் எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் அடங்கிவிடும். கார்களுக்குக் கார், இந்த இரண்டு வேலையின் அளவு மாறும்.

ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1978-ல் ஏ.பி.எஸ். பிரேக்கைக் கொண்டுவந்தது. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காத்தது. 1986-ல் அதே நிறுவனம் டிராக்சன் கண்ட்ரோலைக் கொண்டுவந்தது. வேகம் கொடுக்கும்போது சக்கரம் வழுக்காமல் இது காக்கிறது. முன்பு பணக்காரக் கார்களில் மட்டும் இருந்த வசதி இன்று சிறிய கார்களுக்கும் வந்துவிட்டது. நல்ல முன்னேற்றம்தான்.

நனைந்த தார் ரோடு, சரளைக் கல் ரோடு, மேட்டுப் பாதை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்த நிலை: இங்கெல்லாம் இந்தக் கருவி வேலை செய்யட்டும். அணைக்கவே கூடாது.

மஞ்சள் விளக்கு சொல்லும் சேதி

இந்தக் கருவி டிரைவரோடு பேசும். மஞ்சள் விளக்குதான் அதன் மொழி.

ஒரு குடும்பம் தோட்டத்துப் பாதையில் மேடு ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏங்க, அந்த மஞ்சள் விளக்கு எதுக்கு இப்படி மின்னுது?"

"தெரியலையே! ஏதோ ரிப்பேர் போல இருக்கு. அணைச்சிடறேன்."

வேலை செய்கிறவன் கையைக் கட்டிப் போட்ட கதை இது!

விளக்கு மின்னினால் ரிப்பேர் இல்லை. "சக்கரம் வழுக்குகிறது. பிடித்துக்கொண்டு இருக்கிறேன். மெதுவாகப் போ" என்று அர்த்தம்.

"ஆப்" என்ற எழுத்தோடு விளக்கு நின்று எரிந்தால், யாரோ அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். யாரும் அணைக்காமல், மின்னாமல், விளக்கு நின்று எரிந்துகொண்டே இருந்தால்தான் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

விளக்கு மின்னும்போது காலை வெடுக்கென்று எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் தவறு. ஒரே அளவாக, மெல்ல மிதித்தபடி இருந்தால், பிரேக் வேலை செய்து பலம் அடுத்த சக்கரத்துக்குப் போக ஒரு கணம் கிடைக்கும். பல கார்கள் அப்படியே ஏறிவிடும்.

எப்போது அணைக்க வேண்டும்?

அப்படியானால் அணைக்கும் பட்டனை ஏன் வைத்தார்கள்?

ஆழமான மணலும் கனத்த சேறும்தான் காரணம்.

ஆற்று மணலில் இரண்டு முன் சக்கரங்களும் வழுக்கும். கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? "ஆபத்து! பலத்தைக் குறை!" என்று என்ஜினை அடக்கும். ஆனால் மணலைத் தாண்டுவதற்கு வண்டிக்கு ஓட்டம் வேண்டும். ஓட்டம் நின்றால் வண்டி புதையும்.

சேற்றிலும் அப்படித்தான். டயரின் வெட்டுகளில் சேறு அப்பிக்கொள்ளும். சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால்தான் அந்தச் சேறு தெறித்து விழும். டயருக்குப் பிடிப்பு வரும். கருவி அதற்கு விடாது.

இங்கேதான் அணைக்க வேண்டும். தாண்டிய உடனே மறுபடியும் போட வேண்டும்.

இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறக்கிறார்கள். சேற்றைத் தாண்டிய சந்தோஷத்தில், பட்டனைப் போடாமலே தார் ரோட்டில் ஏறி, மழையில் விரைந்தால் என்ன ஆகும்? காக்க வேண்டிய இடத்தில் காவல் இருக்காது. அதோடு, பட்டனை நெடுநேரம் அழுத்தினால் வளைவில் வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி. கருவியையும் சேர்த்து நிறுத்தும் கார்கள் உண்டு.

சில கார்களில் பட்டனோடு ஒரு திருகும் இருக்கும். "மணல்", "சேறு", "பனி" என்று மூன்று நிலை அதில் உண்டு. இடத்துக்கு ஏற்றபடி கருவியின் கண்டிப்பை அது கூட்டும், குறைக்கும். ஆனால் முன் சக்கர இழுவைக் காரில், அந்தத் திருகு பின் சக்கரத்துக்கு இழுவை கொடுத்துவிடாது!

"அந்தக் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?"

பழைய டிரைவர்கள் இப்படிக் கேட்பார்கள். பட்டன் இல்லாமலே மலை ஏறியவர்கள் அவர்கள்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அவர்களுக்குக் காலே கருவி. இறங்கிப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வந்துதான் வண்டியை எடுப்பார்கள். குச்சியால் குத்தி ஆழம் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் எந்த கம்ப்யூட்டருக்கும் வராது.

மறு பாதி உண்மை அல்ல. எவ்வளவு கைதேர்ந்த டிரைவராக இருந்தாலும், ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட அவரால் முடியாது. அவரிடம் இருப்பது ஒரே பிரேக் மிதி. அது நான்கு சக்கரத்தையும் பிடிக்கும். கருவியோ தனித்தனியாகப் பிடிக்கிறது.

ஆகவே கருவியும் வேண்டும்; கண்ணும் வேண்டும்.

கருவியின் அளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது. இரண்டு சக்கரமும் சேற்றில் மிதந்தால் பலத்தை எங்கே அனுப்புவது? அதிக நேரம் வேலை வாங்கினால் பிரேக் சூடேறும். பல கார்களில் கருவி சற்று நேரம் ஓய்வு எடுத்துக்கொள்ளும். வழவழவென்று தேய்ந்த டயரை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

சிக்கிக்கொண்டால்

முதல் வேலை: ஆக்சிலேட்டரை விடுவது.

இரண்டு முறை முயன்றும் நகரவில்லை என்றால் மூன்றாவது முயற்சி வேண்டாம். சக்கரம் அச்சுவரை புதைந்துவிட்டால் டிராக்டர்தான் வர வேண்டும்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். சாமான்களை இறக்க வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக வைக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை வாரி எடுத்துவிட்டு, சாக்கோ, தட்டையான கல்லோ, காய்ந்த சோளத் தட்டையோ போட வேண்டும். வந்த வழியில் பின்னால் எடுப்பது பெரும்பாலும் சுலபம்.

மணல் என்றால் டயரில் காற்றைக் குறைக்கலாம். சாதாரணமாக 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை 20 பவுண்டு அளவுக்குக் குறைத்தால் டயர் அகலமாகப் படியும். தாண்டியதும் மெதுவாக ஓட்டிப் போய்க் காற்று அடித்துக்கொள்ள வேண்டும்.

டிராக்டர் இழுக்கும்போது, காரோடு கொடுத்த கொக்கியில்தான் கயிறு கட்ட வேண்டும். பம்பரில் கட்டினால் பம்பர் கையோடு வரும். கயிற்றுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த கயிறு சாட்டை போல அடிக்கும்.

இருட்டில் சிக்கினால் இன்னொரு பயமும் உண்டு. ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவில் சானமாவு காடு இருக்கிறது. ராகி விளையும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வந்து போவது வழக்கம். மண் பாதைப் பயணத்தைப் பகலோடு முடித்துக்கொள்வதே புத்தி.

வெள்ளத்தோடு விளையாட வேண்டாம்

சேற்றில் சிக்கினால் காசு போகும். வெள்ளத்தில் சிக்கினால் உயிர் போகும்.

2024-ம் ஆண்டு பெஞ்சல் புயலை இந்த மாவட்டம் மறக்காது. டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது. ரோட்டு ஓரத்தில் நிறுத்தி இருந்த வேன்களும் கார்களும் வெள்ளத்தில் காகிதக் கப்பல் போல அடித்துச் செல்லப்பட்டன. அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

நின்ற வண்டிக்கே அந்தக் கதி. ஓடும் வெள்ளத்தில் ஓட்டிச் செல்கிற வண்டிக்கு என்ன கதி?

1 அடி ஆழம் பாய்ந்து ஓடும் வெள்ளமே பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும், 2 அடி என்றால் எஸ்.யு.வி.யையும் கொண்டுபோகும் என்று அமெரிக்க வானிலைத் துறை தன் மக்களை எச்சரிக்கிறது. தண்ணீர் காரைத் தூக்கினால் டயர் தரையை விட்டு விலகும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு டிராக்சன் கண்ட்ரோல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடினால் திரும்பிவிட வேண்டும். அரை மணி நேரம் தாமதமாவதால் குடி முழுகிப் போகாது!

அடுத்தவர் வயிறு

"நம்மிடம் எஸ்.யு.வி. இருக்கிறது" என்று ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குள் இறக்குவதும், அடுத்தவர் வயலில் ஓட்டிப் பார்ப்பதும் சிலருக்கு விளையாட்டாகி வருகிறது.

ஈர மண்ணில் கார் ஏறினால் மண் இறுகும். வரப்பு உடையும். சொட்டு நீர்க் குழாய் நசுங்கும். ஒரு நிமிட வேடிக்கை. உழுதவனுக்கு ஒரு போக நஷ்டம். அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் வண்டியை ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

தோட்டத்துக்குப் போக வேறு வழி இல்லாதவர், மண் பாதையில் போகத்தான் வேண்டும். அவருக்கு இந்தக் கருவி ஒரு துணை. வீம்புக்குப் போகிறவருக்கு அது துணை நிற்க வேண்டியதில்லை.

யார் சொல்லிக் கொடுப்பது?

கார் கொடுக்கும்போது மாலை போடுகிறார்கள். இனிப்பு தருகிறார்கள். பெரிய சாவி அட்டையைப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். பாட்டு எப்படிப் போடுவது, போனை எப்படி இணைப்பது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

அதோடு பத்து நிமிடம் சேர்த்து, இந்தப் பட்டனையும் மஞ்சள் விளக்கையும் சொல்லிக் கொடுத்தால் என்ன?

கையேடு இருக்கிறதே என்பார்கள். அது பல நூறு பக்கம். பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கிறது. பல லட்சம் கொடுத்து வாங்குகிறவருக்கு, முக்கியமான நான்கு பக்கத்தையாவது தமிழில் அச்சடித்துக் கொடுப்பது பெரிய செலவு அல்ல. ஓசூர் பக்கம் என்றால் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூடக் கொடுக்கலாம்.

டிரைவிங் பள்ளிகளும் யோசிக்க வேண்டும். "எட்டு" போடச் சொல்லித் தந்தால் லைசென்ஸ் கிடைத்துவிடும். நனைந்த மேட்டில் வண்டி எடுக்கவும் சொல்லித் தந்தால்தான் உயிர் பிழைக்கும்.

கார் வாங்கியவருக்கும் கடமை உண்டு. காய்ந்த காலத்தில், நல்ல வெளிச்சத்தில், தன் தோட்டத்து மேட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்தப் பட்டன் எங்கே, எந்த விளக்கு எப்போது என்று வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மழையில், இருட்டில், குழந்தை அழும்போது கற்றுக்கொள்ள முடியாது.

ரோட்டில் போட்டு வை. ஆழ மணலிலும் சேற்றிலும் மட்டும் அணை. தாண்டியதும் மறக்காமல் போடு. வெள்ளத்தைக் கண்டால் திரும்பு.

இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதிக் காரில் ஒட்டி வைக்கலாம். மாதத் தவணை கட்டி வாங்கிய காருக்குள் உட்கார்ந்து வருவது, தவணையில் கிடைக்காத குடும்பம் அல்லவா!